துடைப்பக் குச்சியில் ஒரு கியூபேன்

கார்பனின் நான்கு பிணைப்புகள் 109.5 டிகிரி கோணத்தில் விலகி நிற்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். கியூபேன் என்ற மூலக்கூறில் எட்டுக் கார்பன்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளில் உட்கார்ந்திருக்கின்றன; கோணம் 90 டிகிரிதான். ஒவ்வொரு மூலையிலும் வெளிப்பக்கம் ஒரு ஹைட்ரஜன். 1964-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிலிப் ஈட்டனும் தாமஸ் கோலும் இதைத் தயாரித்தார்கள். இத்தனை இறுக்கத்தோடு அது எப்படி உடையாமல் நிற்கிறது? கையால் ஒரு மாடல் செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: தென்னந்துடைப்பக் குச்சி, எம்-சீல், சைக்கிள் வால்வ் டியூப், அட்டை, கோணமானி, கையுறை. உருளைக்கிழங்கில் குச்சி செருகுகிற சுலப வழி இதற்கு ஆகாது. அதில் எந்தக் கோணமும் வந்துவிடும், இறுக்கமே தெரியாது.

படி 1. வளைத்தால் ஒடியாத மெல்லிய குச்சிகளாகப் பார்த்து, 6 செ.மீ. நீளத்தில் 24 துண்டும் 3 செ.மீ. நீளத்தில் 8 துண்டும் நறுக்குங்கள். வால்வ் டியூபை ஒரு செ.மீ. அளவில் 12 துண்டாக வெட்டுங்கள். அட்டையில் 110 டிகிரி கோணம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2. பொறுமை தேவைப்படுவது இங்கேதான். கையுறை போட்டு எம்-சீலைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டை பிடியுங்கள்; உருண்டைதான் கார்பன், அதில் செருகும் நீளக் குச்சி கார்பன் பிணைப்பு, குட்டைக் குச்சி ஹைட்ரஜன். மூன்று நீளக் குச்சி முக்காலி மாதிரி கீழே விரிய, குட்டைக் குச்சி நேர் மேலே நிற்கட்டும். எந்த இரண்டு குச்சிக்கு நடுவிலும் அட்டை பொருந்த வேண்டும். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் இரண்டிரண்டு உருண்டைக்கு மட்டும் பிசையுங்கள். எட்டும் முடிந்ததும் இரவு முழுக்கக் காயட்டும்.

படி 3. நீளக் குச்சிகளின் முனைகளை டியூபால் இணையுங்கள். நான்கு நான்காக இரண்டு சதுரம், அப்புறம் இரண்டையும் சேர்க்கும் நான்கு விளிம்புகள். கடைசி இரண்டு விளிம்புக்கு ஆள் துணை வேண்டும், குச்சிகள் திமிறும். முடிந்ததும் பாருங்கள்: விளிம்புகள் நேராக இல்லை, வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருக்கும். உண்மையான கியூபேனிலும் எலக்ட்ரான் அடர்த்தி இப்படித்தான் வெளியே பிதுங்கி இருக்கிறது. அதில் அடைபட்டிருக்கும் இறுக்க ஆற்றல் மோலுக்குச் சுமார் 160 கிலோகலோரி, ஏறத்தாழ இரண்டு சாதாரண கார்பன்-கார்பன் பிணைப்புகளை அறுக்கப் போதுமானது.

படி 4. ஒரே ஒரு டியூபை உருவுங்கள். அந்த இடம் கொஞ்சம் விலகும், கூடு கலையாது. மீதி 11 பிணைப்புகள் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு பிணைப்புகள் ஒரே நேரத்தில் திறந்தால் இறுக்கம் நன்றாகக் குறையும். ஆனால் வெப்பத்தால் மட்டும் அப்படித் திறப்பதற்கு ஆர்பிட்டால் சமச்சீர் விதி (எலக்ட்ரான் மேகங்களின் சமச்சீர் ஒத்துப்போனால்தான் இப்படிப்பட்ட வினை சுலபமாக நடக்கும் என்கிற விதி) குறுக்கே நிற்கிறது. அதனால்தான் கியூபேன் 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் சாதுவாக உருகுகிறது. 200 டிகிரியைத் தாண்டினால்தான் சிதைகிறது.

படி 5. உருவிய டியூபைத் திரும்ப மாட்டுங்கள். உலோகம் வந்தால் கதை வேறு. ஒரு விளிம்பைச் செங்குத்தாக உங்கள் முன் பிடியுங்கள். மேல் முனையிலிருந்து இடப்பக்கம் போகும் பிணைப்பையும், கீழ் முனையிலிருந்து வலப்பக்கம் போகும் பிணைப்பையும் கழற்றி, அந்த இரண்டு அண்டைக் கார்பன்களையும் முனை மாற்றிச் செருகுங்கள். இரண்டு முக்கோணம், இரண்டு நாற்கரம், இரண்டு ஐங்கோணம் கிடைக்கும். இதுதான் கியூனேன், சூத்திரம் அதே சி8எச்8. வெள்ளி அயனி வினையூக்கியாக இருந்தால் கியூபேன் இப்படி மாறிவிடும். ரோடியம் சேர்மங்களோ இரண்டு பிணைப்புகளைத் திறந்து, இரட்டைப் பிணைப்புள்ள வேறொரு பொருளைத் தருகின்றன.

படி 6. மாடலைப் பழையபடி கனசதுரமாக்கி, கனசதுரத்தின் நடுவே ஊடுருவிப் போகும் மூலைவிட்டத்தின் இரு முனைகளில் உள்ள குட்டைக் குச்சிகளுக்கு வண்ணம் பூசுங்கள். அந்த இரண்டு கார்பன்களுக்கு இடையே உண்மையில் 2.72 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பென்சீனில் எதிரெதிர்க் கார்பன்களின் தூரம் 2.79. அளவு இவ்வளவு நெருங்குவதால், மருந்து மூலக்கூறுகளில் பென்சீன் வளையத்தை எடுத்துவிட்டு, இந்த இரு முனைகளிலும் மற்ற தொகுதிகளை மாட்டிய கியூபேனை வைத்துப் பார்க்கிறார்கள்.