முண்டந்துறை போக எங்கே தங்குவது? என் அனுபவம்

முதல் தடவை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குப் போனபோது, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரூம் போட்டேன். அங்கிருந்து, காப்பகத்துக்குள் நுழையும் வழியான பாபநாசம் 50 கிலோமீட்டருக்குப் பக்கம். பிள்ளைகளை எழுப்பி, டிபன் முடித்து, வனத்துறை செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைச் சோதித்ததில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. உள்ளே குரங்குகளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. சாயங்காலத்துக்குள் வெளியே வந்தாகவும் வேண்டும்.

அடுத்த தடவை அம்பாசமுத்திரத்தில் தங்கினோம். லாட்ஜ் சாதாரணம்தான். ஆனால் விடிகிற நேரத்தில் பாபநாசம் படித்துறையில் இருந்தோம். தாமிரபரணியில் கால் வைத்ததும் மீன்கள் வந்து மொய்த்தன. அந்த நேரத்துத் தண்ணீரில் உடம்பு வெடவெடத்துவிட்டது. அப்புறம் நேராக செக்போஸ்ட். காட்டுக்குள் இருக்கும் காரையாறு அணைக்குப் போகிற வழியில் ஒரு மிளா மான் ரோட்டோரம் நின்று எங்களையே பார்த்தது. காது மட்டும் அசைந்தது. சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காட்டுக்குள்ளேயே தங்க ஆசை என்றால் முண்டந்துறையில் வனத்துறை ஓய்வு விடுதி இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆடி அமாவாசை சமயம் மட்டும் வேண்டாம். காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அம்பாசமுத்திரத்தில் ரூம் கிடைப்பதே கஷ்டம்.