லத்தீன் முன்னாடி 'இன்'னா, 'ஃப்ரம்'மா, 'இன்டு'வா?

இங்கிலீஷ்ல லத்தீன்ங்கற வார்த்தைக்கு முன்னாடி எந்த ப்ரிபோசிஷன் போடறதுன்னு டவுட் வந்தா, அதையே தமிழ்ல சொல்லிப் பாத்து கடைசில வர்ற உருபை கவனிங்க: 'லத்தீன்ல'ன்னு வந்தா இன், 'லத்தீன்ல இருந்து'ன்னா ஃப்ரம், 'லத்தீனுக்கு'ன்னு வந்தா இன்டு. நியூட்டன் 1687ல வெளியிட்ட பிரின்சிபியாங்கற புத்தகம் லத்தீன்ல எழுதினது, அதனால ரிட்டன் இன் லத்தீன்; வீடியோங்கற வார்த்தை 'பார்க்கிறேன்'ங்கற அர்த்தத்துல லத்தீன்ல இருந்து வந்தது, அங்க ஃப்ரம். இங்கிலீஷ் தனி வார்த்தையா முன்னாடி வைக்கறதைத்தான் நாம உருபா பின்னாடி ஒட்டறோம், வேலை ஒண்ணுதான், அதான் இது செட் ஆகுது. ஃப்ரம் தி லத்தீன்னு தி சேர்த்து எழுதறதும் சரிதான், திருத்திடாதீங்க.

ஆனா நாம 'பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்தாங்க'ன்னும் சொல்றோம்ல, அங்க இன் போட்டுடாதீங்க, எந்த மொழிக்கு மாறுதோ அதுக்கு இன்டுதான். 'லத்தீன்ல கெட்டிக்காரர்'னு திறமையைச் சொல்றப்பவும் இந்த ட்ரிக் ஒத்துவராது, அது குட் அட் லத்தீன். லத்தீன் அமெரிக்கா மாதிரி இடங்கள்ல லத்தீன் வெறும் அடைமொழி, பின்னாடி வர்ற சொல்லைப் பாத்துதான் ப்ரிபோசிஷன் போடணும்.