ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரிக்கரையைப் பார்ப்பது எப்படி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். ஏரியின் இரண்டாம் மதகுப் பாசனத்தில் எங்களுக்கு நிலம். என் மாமனார் இந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக, அதாவது மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவராக இருந்தவர். அவருக்குப் பிறகு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. நானும் ஊரில் சிலருமாகச் சேர்ந்து கரையைப் பார்த்துவருகிறோம். மண்கரை போட்ட எந்தச் சின்ன ஏரிக்கும் அணைக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

ஆவணிக் கடைசியில் ஆரம்பித்துவிடுங்கள். அப்போதுதான் போடுகிற மண் இறுகப் புரட்டாசி முழுக்கக் கிடைக்கும். எங்கள் பக்கம் அந்த மாதங்களிலேயே சாயங்கால இடிமழையில் ஏரிக்குக் கொஞ்சம் தண்ணீர் வந்துவிடும். அது நல்லதுதான். காய்ந்து கிடக்கும் ஏரியில் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

கரை மேல் வண்டியில் ஒரு சுற்று போய்வந்து "கரை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். வெளிப்பக்கம் இறங்கி, வயலை ஒட்டிக் கரையடியில் நடந்து வாருங்கள். "மேல என்னம்மா இருக்கு, அடியில பாரு" என்பார் மாமா. மண்கரை பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் உடைகிறது. தண்ணீர் கரை மேலேறி வழிந்து வெளிச்சரிவை அரிப்பது ஒன்று. கரைக்குள் இருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் மண்ணையும் சேர்த்து வெளியே இழுத்து வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது விதத்துக்கான அடையாளம் முதலில் கரையடியில்தான் தெரியும்.

நடப்பதற்கு முன் புல்லை அறுத்துவிடுங்கள். வேரோடு சுரண்ட வேண்டாம், மழையில் மண்ணைப் பிடித்து வைப்பது அந்த வேர்தான். கையில் ஒரு கழி, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், நிறமில்லாத பாட்டில் ஒன்று போதும். சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே கழியை ஊன்றிப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் சுண்ணாம்பு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊறி ஓடினால் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் ஆடாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால், கவனித்துக்கொண்டே வரலாம். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பாட்டிலின் அடியில் மண் படிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வளை. எலி, பெருச்சாளி, நண்டு எல்லாம் கரையில்தான் குடியிருக்கும். வளையின் வாயில் ஒரு கல்லைத் திணித்து மண் பூசிவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். ஏரி நிறையும்போது தண்ணீர் அதைத் தேடிப் பிடித்துவிடும். ஏரியில் தண்ணீர் கம்மியாக இருக்கும்போதே வளையை அது போகும் வழியில் தோண்டி, முடிவு வரை திறந்துவிடுங்கள். வளை கரைக்குள் ஆழமாகப் போனால் நீங்களாகத் தோண்டாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். திறந்த பள்ளத்தின் பக்கங்களைப் படிபடியாக வெட்டினால்தான் புது மண் பழைய மண்ணோடு ஒட்டும். மணல் ஆகாது. வெறும் வண்டலும் காய்ந்தால் வெடிக்கும். களியும் செம்மண்ணும் கலந்து, தண்ணீர் தெளித்து, கைப்பிடியில் அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரையடிக்கு மேல் போகாமல் ஒவ்வொரு அடுக்காகப் போட்டு, திமிசுக்கட்டையால் சத்தம் மாறும் வரை இடியுங்கள். முதலில் 'பொத்' என்று கேட்கும், இறுகிய பிறகு 'டங்' என்று கேட்கும். ஜேசிபியில் அள்ளிக் கரை மேல் கொட்டிவிட்டுப் போகும் மண் முதல் பெருமழையிலேயே கரைந்து இறங்கிவிடும்.

போடும் மண்ணைக் கரையடியிலிருந்து எடுக்காதீர்கள், உள்பக்கமும் சரி, வெளிப்பக்கமும் சரி. வண்டல் எடுக்க அனுமதி வாங்கியவர்கள் வண்டி வர வசதி என்று கரையோரமாகவே பள்ளம் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கரையின் காலை வெட்டுகிற வேலை அது. தள்ளி, ஏரியின் நடுவே எடுக்கச் சொல்லி நின்று கேளுங்கள்.

கரையில் முளைத்த சீமைக்கருவேலங்கன்றைச் சின்னதிலேயே வேரோடு பிடுங்கிக் குழியை மூடுங்கள். பெரிய மரத்தை அறுத்து வேரை விட்டுவிட்டால் அது மக்கி, கரைக்குள் குழாய்போல் வழி விட்டுவிடும்.

மதகில் கதவு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கட்டடமும் மண்ணும் சேரும் இடம்தான் கரையிலேயே பலவீனமான இடம். கதவை இறக்கிவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். சுவருக்குப் பக்கவாட்டில் தண்ணீர் வந்தால் உடனே எழுதிக்கொடுங்கள்.

ஏரி நிறைந்தால் மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டுமே என்று கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவது எங்கள் பக்கத்தில் வழக்கம். மீன் குத்தகை எடுத்தவர்கள் மீன் போய்விடாமல் வலை கட்டுவார்கள், அதில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றுதான். வெளியே போக வேண்டிய தண்ணீர் கரை மேல் ஏறும். கலங்கலில் வழியும் தண்ணீர் போகும் கால்வாயையும் அடுத்த ஏரி வரை நடந்து பாருங்கள். பாலாற்றுப் படுகையில் ஏரிகள் ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகிற சங்கிலி. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது தாங்காது. 1903 நவம்பரில் மைசூர் சீமையில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்த நினைப்புதான்.

குறித்ததை எல்லாம் எழுதி, படமெடுத்துக் கொடுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாக ஏற்றுங்கள், மழைக்குச் சரியாக முந்தி வருகிற கூட்டம் அது. கரையைத் தோண்டும் வேலை எதையும் துறைக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம்.

மழை பிடித்த பிறகு இரவில் இரண்டிரண்டு பேராக, டார்ச்சோடு போங்கள். மணல் மூட்டையை முன்கூட்டியே கட்டி வையுங்கள். முக்கால் பாகம் நிரப்பினால்தான் படிந்து உட்காரும். கரையடியில் மண் கலங்கிய தண்ணீர் பீறிட்டால் முதலில் கீழே இருக்கும் வீடுகளுக்கும், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கும் சொல்லிவிடுங்கள். பிறகு அந்த வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் திறக்கும். மூட்டைகளை அதைச் சுற்றி வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீரைத் தேங்க விடுங்கள். மட்டம் ஏற ஏற வேகம் குறைந்து, மண் வருவது நிற்கும். தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து போகட்டும். கரை மேலே விரிசலோ இறக்கமோ தெரிந்தால் மூட்டையை விட்டுவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள்.

மழை விட்டதும் காவலை நிறுத்திவிட வேண்டாம். ஏரி மட்டம் வேகமாக இறங்கும்போது, ஊறிப்போன உள்சரிவு சரியும், அலை அரிக்காமல் அதில் பதித்த அலைக்கல்லும் சேர்ந்து நழுவும். இன்னும் ஒரு வாரத்துக்கு உள்பக்கத்தையும் நடந்து பாருங்கள்.