இத்தாலி ரயிலில் ஏறும் முன் டிக்கெட்டில் முத்திரை

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், வண்டி ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி, தேதியும் நேரமும் பதிகிறதா என்று பாருங்கள். அந்த டிக்கெட் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கானது அல்ல. முத்திரை விழுந்த பிறகுதான் அது செல்லுபடியாகும் 4 மணி நேரக் கணக்கு தொடங்கும். முத்திரை இல்லாவிட்டால் அதே டிக்கெட்டை மறுபடி பயன்படுத்தலாம் என்பதால், பரிசோதகர் அபராதம் போடுவார். காசு கொடுத்து வாங்கினேன், வெளியூர்க்காரன், தெரியாது என்றெல்லாம் சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

இயந்திரம் வேலை செய்யவில்லையா? நிலையத்தின் பெயர், தேதி, நேரத்தைப் பேனாவால் டிக்கெட்டிலேயே எழுதி, ஏறியதும் நீங்களே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஃப்ரெச்சாரோஸ்ஸா (அதிவேக ரயில்), இன்டர்சிட்டி (தொலைதூர ரயில்) போன்றவற்றின், இருக்கை எண்ணோடு வரும் டிக்கெட்டுகளுக்கு இது தேவையில்லை. மொபைலில் வாங்கிய உள்ளூர் டிக்கெட்டுக்கும் முத்திரை கிடையாது. ஆனால் ஏறும் முன் ஆன்லைனில் செக்-இன் செய்ய வேண்டும்.