பாட்டியின் கல்லறைத் திருநாளுக்கு என்ன செய்யலாம்

இறந்தவர்களை நினைத்துக் கத்தோலிக்கர் அனுசரிக்கும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 வருவதற்குள், பங்குக் கோயில் அலுவலகத்தில் பாட்டி பெயரில் பூசைக் கருத்து (பூசையில் அவருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் குறிப்பு) எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறந்த தேதி தெரியாதா? ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், ஞானப்பெற்றோர் பெயரும் அதிலேயே இருக்கும்.

அப்புறம், பாட்டியைப் பற்றி எழுதிவைக்கக் கதைகள். 'அன்பானவர், பக்தியானவர்' என்று மட்டும் எழுதாதீர்கள், எல்லோர் பாட்டியும் அப்படித்தான். எங்கள் பாட்டியின் ஜெபமாலையில் ஒரு மணி உடைந்துபோய் அதற்குப் பதில் தாத்தாவின் சட்டைப் பொத்தானைக் கோத்திருந்தார், ஜெபமாலையில் சொல்லும் 53 'அருள் நிறைந்த மரியே' ஜெபங்களில் ஒன்றைத் தினமும் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார். இப்படி ஒன்று கிடைக்கும்வரை பெரியம்மா, சித்தியை விடாமல் கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள்.

கல்லறைக்கு முந்தின வாரமே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மெழுகுவர்த்தி நிற்காது, கொட்டாங்கச்சிக்குள் வைத்து ஏற்றுங்கள்.