தைராய்டு அறுவையில் லூப் போடுபவர்களுக்கு

அந்த அம்மாவுக்குத் தைராய்டை முழுதாக எடுத்தபோது நான் வெறும் கண்ணோடுதான் வேலை செய்தேன். குரல் நன்றாக இருந்தது. மறுநாள் காலை, "விரல் நுனியெல்லாம் மதமதன்னு இருக்கு டாக்டர், உதடும்தான்" என்றார். கால்சியம் இறங்கியிருந்தது. குரல் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்த நான், தைராய்டை ஒட்டியிருந்து இரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு லூப், அதாவது கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி, இல்லாமல் கழுத்தைத் திறப்பதில்லை.

இரண்டரை மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். மடங்கு கூடக் கூடத் தெரியும் பரப்பு சுருங்கும். திசுவை விலக்கிப் பிடிக்கும் உதவியாளரின் ரெட்ராக்டர் எதை இழுக்கிறது என்பதே கண்ணில் படாது. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும், நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது கண்ணிலிருந்து நோயாளியின் கழுத்துக்குள்ள தூரத்தையும் அளந்து வாங்குங்கள். முதலில் கொழுப்புக்கட்டி, குடலிறக்கம் என்று சின்ன கேஸ்களில் போட்டுப் பழகுங்கள்.

தைராய்டின் மேல்முனையில் இரத்தக் குழாய்களை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றாக, சுரப்பியை ஒட்டியே கட்டுங்கள். குரலை உயர்த்த உதவும் மேல்குரல்வளை நரம்பின் வெளிக்கிளை அங்கே நூலிழையாக ஓடும்.

அப்புறம் பாராதைராய்டு. பெரும்பாலும் நான்கு இருக்கும், ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. பக்கத்துக் கொழுப்பு வெளிர்மஞ்சள். இது கொஞ்சம் பழுப்பு ஏறிய மஞ்சள். லூப்பில் பார்த்தால் ஓர் ஓரத்தில் மெல்லிய இரத்தக் குழாய் நுழைவது தெரியும். காப்பாற்ற வேண்டியது அந்தக் குழாயைத்தான். கீழ்த்தைராய்டு தமனியின் தண்டைத் தொடாமல், கிளைகளைத் தைராய்டின் உறைமேல் மட்டும் கட்டி, பாராதைராய்டை அதன் குழாயோடு மெல்லக் கீழே ஒதுக்கிவிடுங்கள்.

தைராய்டை மூச்சுக்குழாயோடு பிணைக்கும் பெர்ரி தசைநாரில் அவசரம் வேண்டாம். குரல்நாண்களை அசைக்கும் மீள்குரல்வளை நரம்பு குரல்வளைக்குள் நுழையும் இடம் அது. சிலருக்கு அதற்கு முன்பே இரண்டாகப் பிரிந்திருக்கும். இரத்தம் கசிந்தால், சுட்டு நிறுத்தும் மின் இடுக்கியான பைபோலாரை உடனே நீட்டாதீர்கள். காஸ் துணியால் அழுத்திப் பிடியுங்கள், இரண்டு நிமிடம். கசிவு நின்றதும் நரம்பை மறுபடி பார்த்துவிட்டு, அதன் பிறகு கசிந்த புள்ளியை மட்டும் பைபோலாரால் பிடியுங்கள்.

எடுத்த சுரப்பியை ஃபார்மலினில் போடும் முன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், லூப்பைக் கழற்றாமலே. பாராதைராய்டு அதில் ஒட்டி வந்திருந்தால், ஒரு துணுக்கை, உடனே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஃப்ரோசன் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டு, மீதியை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் வைத்துத் தையுங்கள்.