லீவு எடுத்தால் ஓய்வும் எடுங்கள்

நம்மில் பலர் லீவு கிடைத்ததும் இரவு பஸ் ஏறி, நாலு நாளில் ஏழு இடம் பார்த்து, திங்கள் காலை மட்டக்களப்பில் இறங்கின கையோடு கந்தோருக்குப் போகிறோம். அது ஓய்வே இல்லை. தீராத வேலை அழுத்தத்தால் வருகிற சோர்வை உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வேலையோடு சேர்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலையில் வெறுப்பு, முன்போல் செய்ய முடியாமை, இவைதான் அதன் அடையாளங்கள்.

தூரம் போகத் தேவையில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாக் கடல் அலையில்லாமல், வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும், காலையில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் சும்மா இருந்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி, பின்னேரம் மறுபடி கரைக்கு வாருங்கள், அவ்வளவுதான் திட்டம். மழைக்காலம் என்றால் வீட்டிலேயே இருங்கள், அதுவும் நல்லதுதான்.

அப்புறம் முக்கியமான ஒன்று, லீவின் கடைசி நாளைப் பயணத்துக்குக் கொடுக்காதீர்கள், அன்று வீட்டில் இருந்து உடுப்புத் தோய்த்து, நேரத்தோடு படுங்கள். கந்தோர் வட்ஸ்அப் குழுவை லீவு முடியும் வரை மியூட்டில் போடுங்கள், அவசரமென்றால் அழைக்கச் சொல்லி ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.